ஞாயிற்றுக்கிழமைக் கார்

ஏப்ரல் மூன்றாம் தேதி மாலை ஐந்தே முக்காலுக்கு, ஆந்திராவின் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியின் கார் ஷெட்டுக்குள் போனேன். தகரக் கூரையில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. ஏழு கார்கள் வரிசையாக நின்றன. கடைசியில் நின்ற வெள்ளைக் கார் அன்று முதல் என்னுடையது.

என்னுடையது என்று எழுதுவது தவறு. சாவியைக் கொடுக்கும்போதே மேனேஜர் நாகேந்திரன் சார் சொல்லிவிட்டார்.

“காரு போஸ்டுக்கு ஜெர்ரி, ஆளுக்கு இல்ல. ஆளு மாறும், காரு நிக்கும்.”

காரின் வலது கதவு மட்டும் மற்ற பாகங்களைவிட ஒரு சாயல் அதிக வெள்ளையாக இருந்தது. அது புதிய கதவு. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கார்வேட்டிநகரத்தைத் தாண்டி சித்தூர் ரோட்டு வளைவில் எங்கள் ஆபீஸ் தேவேந்திரன் அண்ணன் இந்தக் காரை ஓரமாக நிறுத்தினார். போன் பேசியபடியே கதவைத் திறந்து இறங்கினார். ஒரு டிப்பர் லாரி கதவோடு சேர்த்து அவரை இழுத்துக்கொண்டு போனது.

கதவை மாற்றினார்கள். பிறகு ஆளையும் மாற்றினார்கள். மாற்று ஆள் நான்.

உட்கார்ந்து பெல்ட் போட்டேன். இஞ்சின் உயிர் பெற்றது. ஷெட்டை விட்டு நூறடி போயிருப்பேன். டிங், டிங், டிங் என்று மணி அடித்தது. பக்கத்து இருக்கைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கும் மணி அது. என் பை அந்த இருக்கையில் இருந்தது. அதை எடுத்துப் பின்னால் போட்டேன்.

மணி நிற்கவில்லை.

சத்தம் தாங்காமல், காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். உடனே நின்றது. ஏசிக் காற்றில் தலைவலித் தைலத்தின் வாசனை லேசாக வந்தது. தேவேந்திரன் அண்ணன் கழுத்தில் தேய்த்துக்கொள்ளும் தைலம். தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் கழுத்து என்னவாகும்? சீட் துணியில் ஊறிய வாசனையாக இருக்கலாம் என்று அன்றிரவு எழுதி வைத்தேன்.

எதையும் தேதி போட்டு எழுதுவது புத்தூரில் நான் படிக்கும் மாலை வகுப்பில் வந்த பழக்கம். ஆங்கிலம் சொல்லித்தரும் கல்பனா மேடம் தினமும் பத்து வரி டைரி எழுதச் சொல்வார். படித்துப் பார்த்து, சிவப்பு மையில் தேதியோடு கையெழுத்துப் போடுவார். கம்பெனி பஸ்ஸில் வந்த நாட்களில் வகுப்பு பாதி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வேன். கார் வந்த பிறகு முதல் ஆளாகப் போனேன்.

நல்லது இல்லாமல் இல்லை. டீசல் கம்பெனியுடையது. முழங்கால் தேய்ந்துபோன என் அம்மா லோயிஸ், எட்டு மாதத்துக்குப் பிறகு சர்ச்சுக்கு வந்தார். பாஸ்டர் காரின் முன்புறம் கை வைத்து ஜெபம் செய்தார். “கர்த்தர் குடுத்த காரு” என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

கெட்டது எது என்று தேவேந்திரன் அண்ணன் முன்பே சொல்லியிருக்கிறார். அவர் இருந்தபோது எங்களைப் பல தடவை இதே காரில் ஏற்றிப்போயிருக்கிறார். அம்மாவைப் பார்த்ததும் இறங்கி வந்து முன் கதவைத் திறப்பார். “அம்மா, நீ முன்னால ஒக்காரு. ஜெர்ரி பின்னால குந்தட்டும், சின்னப் பையன்தானே” என்பார். அவருக்கும் எனக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம்.

“காரு குடுத்துட்டாங்கன்னா வூட்டுக்குப் போற வழியும் ஆபீசுதான்டா” என்று ஒருநாள் சிரித்தார். “பஸ்ல போறவன் போன எடுக்கலன்னா, டவர் இல்ல போலன்னு வுட்டுடுவாங்க. காரு வெச்சிருக்கிறவன் எடுக்கலன்னா, எங்கடா சுத்திக்கினு இருக்கேன்னு கேப்பாங்க.”

மணி தினமும் அடித்தது. நான் முறையாகச் சோதித்தேன். இருக்கையைத் துடைத்தேன். இருபது லிட்டர் தண்ணீர் கேனை வைத்து எடுத்தேன். கேன் இருந்தபோதும் அடித்தது, எடுத்த பிறகும் அடித்தது. வண்டி நிற்கும்போது அடிக்கவில்லை. கம்பெனி கேட்டைத் தாண்டியதும் அடித்தது. ஒரு வாரக் குறிப்போடு புத்தூரில் மெக்கானிக் கோபிகிருஷ்ணனிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரைச் செருகி அரைமணி நேரம் பார்த்தார்.

“சென்சார் பாகுந்தி சார். ஒரு கொறையும் இல்ல. ஆளு ஒக்காந்தாத்தான் அடிக்கும்.”

“ஆளே இல்லாதப்ப அடிக்குதே.”

“அப்ப நீங்கதான் சரியாப் பாக்கல” என்றார், ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே.

அப்படியும் இருக்கலாம் என்று எழுதிக்கொண்டேன். அதன் பிறகு கிளம்பும்போதே இரண்டு பெல்ட்டையும் போட்டுவிடுவேன். எனக்கொன்று, பக்கத்தில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நிம்மதி. அம்மா முன்னால் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்வார். மணி அடிக்காது. தைல வாசனை மட்டும் வரும், பின்பக்கத்திலிருந்து. அம்மா முழங்காலுக்குப் போட்டதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இதுவரை எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். அதையும் எழுதினால்தான் மற்றது புரியும்.

எங்கள் கம்பெனி விதிப்படி, சனிக்கிழமை மாலை எல்லாக் கார்களும் ஷெட்டுக்கு வந்துவிட வேண்டும். ஞாயிறு யாருக்காவது கார் வேண்டுமென்றால் சாவிப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். டியூட்டி அல்லது சொந்த வேலை. பிப்ரவரியில் அந்தப் பதிவேடு என்னிடம்தான் இருந்தது. பதினொன்றாம் தேதி மாலை நாகேந்திரன் சார் என் மேஜைக்கு முன்னால் நின்றுதான் தேவேந்திரன் அண்ணனிடம் சொன்னார். “காலைல சித்தூர் போயி அந்தச் சப்ளையரப் பாத்துட்டு வந்துரு. திங்கக்கெழம ஃபேக்டரி லைன் நிக்கக்கூடாது.” நான் டியூட்டி என்று எழுதிச் சாவியைக் கொடுத்தேன்.

சாவு முடிந்த மறுநாள் நாகேந்திரன் சார் ஒரு புதிய பதிவேட்டைக் கொண்டுவந்தார்.

“பழசுல இங்க் கொட்டிடுச்சு. நீட்டா காப்பி பண்ணிடு ஜெர்ரி. அந்த ஞாயித்துக்கெழம சொந்த வேலன்னு வரட்டும். அவன் ஊரு அங்கதானே, எவன் கேக்கப்போறான்?”

பழைய பதிவேட்டில் இங்க் கொட்டியிருக்கவில்லை.

ஜனவரி ஒன்று முதல் ஒவ்வொரு வரியாக எழுதினேன். ஒரே நாளில் எழுதியது போலத் தெரியக்கூடாது என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே யோசித்தேன்.

ஏப்ரலில் தேவேந்திரன் அண்ணனின் வேலை எனக்கு வந்தது. கார் வந்தது. “நீ சர்ச்சுக்குப் போறவன். ஞாயிறும் நீயே வெச்சிக்கோ” என்று சார் சொன்னார். வேறு யாருக்கும் இல்லாத சலுகை அது.

ஜூன் பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கு, அண்ணனின் மனைவி சந்தியா கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் நின்றார். கூட அவருடைய மாமனார் பாலையா.

“அண்ணா, புதன்கெழம சித்தூர் லேபர் ஆபீசுல விசாரண” என்றார் சந்தியா. “சொந்த வேலையா போனாருன்னு கம்பெனி சொல்லுது. அப்படின்னா எங்களுக்கு நஷ்டஈடு, அவரு எடத்துல எனக்கொரு வேல, ஒண்ணும் கெடைக்காதாம். சாவி குடுத்தது நீங்கதானே? சார் அனுப்புனாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. போதும்.”

“பதிவேட்டுல என்ன இருக்குதோ...” என்று இழுத்தேன்.

“பதிவேடு கெடக்கட்டும். உங்களுக்குத் தெரியும்ல?”

பாலையா வாசலில் நின்ற காரிடம் போனார். அந்த அதிக வெள்ளைக் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “எங்க தெருவுக்குள்ள வந்த மொதக் காரு நைனா இது” என்றார். “ஊருக்குள்ள இருக்கறவங்க கேட்டாங்க, யாரு காருடா பாலையான்னு. எம் புள்ள காருன்னேன். கம்பெனி காருன்னு சொல்ல வாய் வரல.”

சந்தியா ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். காலியான பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டியபடி இருந்தது.

“யாருக்குண்ணா பெல்ட் போட்டு வெச்சிருக்கீங்க?”



பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்குச் சித்தூர் கிளம்பினேன். என் டைரி நோட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். பிப்ரவரி பதினொன்றாம் தேதிப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: மேனேஜர் தேவேந்திரனை நாளை டியூட்டிக்குச் சித்தூர் அனுப்புகிறார். கீழே கல்பனா மேடத்தின் சிவப்புக் கையெழுத்தும் தேதியும். பதிவேட்டை மாற்றலாம். அந்தக் கையெழுத்தை மாற்ற முடியாது. அதைக் காட்டினால் சந்தியாவுக்குப் பணமும் வேலையும் கிடைக்கும். எனக்கு வேலை போகும், கார் போகும், அம்மா மறுபடி வீட்டுக்குள் உட்காருவார்.

காட்டிவிடுவது என்றுதான் கிளம்பினேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

கார்வேட்டிநகரம் தாண்டியது. வளைவு வந்தது. நல்ல வெயில், ரோட்டில் ஆள் இல்லை. பக்கத்து பெல்ட் போட்டுத்தான் இருந்தது.

அது மெதுவாக வெளியே இழுபட்டது.

ஒரு சாண். பிறகு இன்னொரு சாண். மூச்சு விடும் நெஞ்சின் மேல் கிடப்பது போல, அந்தரத்தில் ஏறி இறங்கியது. தைல வாசனை கண்ணை எரித்தது.

“அண்ணா” என்றேன்.

சித்தூர் போய்ச் சேரும்வரை பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

லேபர் ஆபீஸ் வராண்டாவில் நாகேந்திரன் சார் நின்றிருந்தார். என் தோளில் கை போட்டு, “டீ துன்னியா?” என்று கேட்டுத் தானே சிரித்தார். “இங்க வந்தா எனக்கும் உங்க பாஷ ஒட்டிக்குது. பயப்படாத. ஒரே வார்த்ததான்.”

நோட்டு காரிலேயே இருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி பதிவேட்டைக் காட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தேவேந்திரன் எதற்காகக் காரை எடுத்தார் என்று கேட்டார்.

“சொந்த வேல சார்.”

சந்தியா அழவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பாலையா என்னை ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். “காரு பத்திரமா ஓட்டு நைனா” என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். நோட்டு அதே இருக்கையில், பெல்ட்டுக்கு அடியில், பிப்ரவரி பதினொன்றாம் தேதிப் பக்கம் திறந்து கிடந்தது. நான் மூடி வைத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை இனி யார் நம்புவது? அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்தேன். வளைவில் ஜன்னலை இறக்கி வெளியே விட்டேன்.

மறுநாள் பக்கத்து பெல்ட்டைப் போடாமல் ஓட்டிப் பார்த்தேன். மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. வாசனையும் இல்லை. ஜூன் பதினைந்து முதல் செப்டம்பர் முப்பதுவரை ஒவ்வொரு தேதிக்கும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

அக்டோபரில் கம்பெனி பழைய காரை விற்றுவிட்டு எனக்குப் புதிய காரைக் கொடுத்தது. இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. புது ரப்பர் வாசனை. எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் பாஸ்டர் இந்தக் காருக்கும் ஜெபம் செய்தார். அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். சர்ச் கேட்டைத் தாண்டினேன்.

டிங், டிங், டிங்.

அம்மாவின் பெல்ட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. என்னுடையதும் சரி. திரையில் வேறொரு சிவப்பு விளக்கு எரிந்தது. பழைய காரில் அந்த விளக்கு கிடையாது. புதிய காரில் பின் இருக்கைக்கும் மணி உண்டு.

பின்னால், இடது பக்கம். அம்மாவுக்கு நேர் பின்னே.

பழைய காரில் அம்மா வந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. மணி அடிக்காத, நான் நிம்மதியாக இருந்த ஞாயிறுகள். வாசனை பின்னாலிருந்து வந்தது. அம்மாவுக்கு முன் இருக்கையை விட்டுக் கொடுத்துவிட்டு, அவர் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்.

பின்னால் பிளாஸ்டிக் உறை நசுங்கும் சத்தம் கேட்டது.

“என்னடா சத்தம்?” என்றார் அம்மா.

“புது காரும்மா.”

அப்போது போன் அடித்தது. நாகேந்திரன் சார். வண்டியை ஓரம் நிறுத்தி எடுத்தேன்.

“ஜெர்ரி, எக்கட உன்னாவ், எங்க இருக்கே? அம்மாவ வூட்ல வுட்டுட்டு அப்படியே சித்தூர் போயிட்டு வந்துரு. நாளைக்கி லைன் நின்னுடும்.”

“சார்... பதிவேட்டுல டியூட்டின்னு எழுதச் சொல்லுங்க சார்.”

அவர் சிரித்தார். “உனக்கா ரிஜிஸ்டர்? காரு உங்கிட்டதானே இருக்குது. கெளம்பு, கெளம்பு.”

“சரி சார்” என்றேன்.

வண்டியை மறுபடி எடுத்தேன், மணியும் மறுபடி அடித்தது. தைல வாசனை மெல்ல முன்னால் வந்தது.

பின் இருக்கையில் பெல்ட் இழுபடும் சத்தம் கேட்டது. நீளமாக, நிதானமாக.

டக்.

விளக்கு அணைந்தது. மணி நின்றது.