சிவக்காத காது

ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்த மகளின் காது சிவக்கவில்லை.

வேறு எந்தத் தாயும் இதைக் கவனித்திருக்க மாட்டாள். கொஞ்ச நாள் முன்புவரை அவளே கவனித்திருக்க மாட்டாள். விசிட்டிங் கார்டும் கடை நோட்டீஸும் வடிவமைத்துக் கொடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு, கம்ப்யூட்டரில் மனித முகம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை திடீரென்று பிடித்துக்கொண்டது. சொல்லிக்கொடுப்பது ஒரு கல்லூரிப் பெண். நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனில் வரும் குரல்தான். வயதில் இளையவள் என்பதால் 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டு, உரிமையோடு திட்டவும் செய்வாள். அவள் சொன்ன முதல் பாடமே காதைப் பற்றியதுதான்.

"தோல் செவுரு இல்லக்கா. செவுத்துல வெளிச்சம் பட்டா அப்படியே திரும்பிடும். தோல்ல பட்டா கொஞ்சம் உள்ள போயி, ரத்தத்தத் தொட்டுட்டுத்தான் வெளிய வரும். வெயிலுக்கு எதிர்ல நிக்கறவங்க காதப் பாருங்க, உள்ள வெளக்கு ஏத்தி வச்ச மாதிரி செவப்பா இருக்கும். அந்தச் செவப்பு இல்லன்னா அது முகமே இல்ல."

அன்றிலிருந்து பஸ்ஸிலும் வங்கி வரிசையிலும் அவள் கண் ஊரார் காதுகளையே மேய்ந்தது. கப்பலில் சமையல்காரராக இருக்கும் கணவர், எப்போதாவது வீடியோ அழைப்பில் வரும்போது, "ஏன்டி, மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டியா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது காலை வெயில் பிள்ளைக்கு நேர் பின்னால். தலைமுடியின் ஓரமெல்லாம் பொன்னாக மின்னுகிறது. நடுவில் காது மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டியது போல, சாம்பல் பூத்து, மங்கலாக இருந்தது. அவள் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"காது வலிக்குதாடி?"

"இல்லியே. உனக்குத்தான் காதுன்னா கிறுக்கு," என்றாள் வாலு. அப்பா வைத்த பெயர் அது. வீட்டில் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.

பால் மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வாலு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஓடுகிற பிள்ளைக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் இன்னொரு பிள்ளை இருந்தது.

பின் தெருவில் சீருடை தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மாவின் மகள். வாலுவின் வயதுதான். போன மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அதே மழையில் தையல்காரம்மாவின் போன் தண்ணீரில் விழுந்து, பிள்ளையின் படங்களெல்லாம் அழிந்தன. மிஞ்சியது ஒன்றுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், எல்லாம் முடிந்த பிறகு, உறவுக்காரர் ஒருவர் எடுத்தது. கண்கள் மூடியிருந்தன.

"கண்ணத் தொறந்து இருக்கற மாதிரி போட்டுக் குடுங்கம்மா," என்று கேட்டிருந்தாள் தையல்காரம்மா. அழவில்லை. அழுது முடித்த குரல். "நேர்ல இருக்கற மாதிரி இருக்கணும். அவ என்னப் பாக்கணும்." கூடவே ஒரு மஞ்சள் ஃபிராக்கை மடித்துக் கொடுத்தாள். "இதப் போட்ட மாதிரி வரைங்க. அவளுக்குன்னு தச்சேன். ஒரு தடவகூடப் போட்டுப் பாக்கல."

மறுக்க வாய் வரவில்லை. பெற்றவளுக்குப் பெற்றவள் எப்படி மறுப்பது? ஆனால் கை வர வேண்டுமே. நாள் கணக்கில் முட்டி மோதியும் அந்த முகத்தில் உயிர் வரவில்லை. நிழல் விழும் இடமெல்லாம் சேறு பூசியது போல இருந்தது. படத்தை அனுப்பிவைத்தாள். கல்லூரிப் பெண்ணின் குரல் உடனே வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, பொணம் மாதிரி இருக்கு. நிழலுக்குக் கறுப்பப் போட்டா அப்படித்தான் ஆகும். அந்த போட்டோலேருந்து நிறத்த எடுக்காதீங்க, அதுல இருக்கறதே செத்த நிறம். உயிரோட இருக்கற முகம் ஒண்ண ஜன்னல் பக்கத்துல உக்கார வச்சு போட்டோ எடுங்க. அதுலேருந்து எடுங்க. அப்புறம் முக்கியமா, லேயரயெல்லாம் ஒண்ணாச் சேத்துடாதீங்க. சேத்துட்டா எது யாரோட நிறம்னு அப்புறம் ஒங்களால பிரிக்கவே முடியாது."

லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. அடித்தாளில் செத்த பிள்ளையின் முகம், மேல்தாளில் புது நிறம். தனித்தனியாக இருக்கும்வரை எதையும் உருவி எடுத்துவிடலாம்.

நேற்றுத்தான் அவள் மஞ்சள் ஃபிராக்கை வாலுவுக்கு மாட்டிவிட்டு, ஜன்னல் இடது பக்கம் வரும்படி உட்காரவைத்தாள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

"இது யாரு டிரஸ்ஸும்மா?"

"ஒரு அக்காவோடது."

"நான் போட்டா அந்த அக்கா திட்டாதா?"

"திட்டாது. நேரா உக்காரு."

படம் எடுத்தாள். திரையில் சொட்டு மருந்துக் குழாய் போல ஒரு சின்ன அடையாளம் இருக்கும். கலர் பிக்கர் என்பார்கள். அதை எந்த நிறத்தின் மேல் வைத்து அழுத்துகிறோமோ அந்த நிறத்தை உறிஞ்சிப் பிரஷ்ஷில் ஏற்றிக்கொள்ளும். அதை வாலுவின் காதில் வைத்து அழுத்தினாள். அந்தச் சிவப்பை எடுத்துச் செத்த பிள்ளையின் காதில் இழுத்தாள். ஒரே இழுப்பு. காது பற்றிக்கொண்டது. அவள் குழந்தையைப் போலக் கைதட்டினாள். இத்தனை நாள் வராத கை இன்று வந்துவிட்டதே என்று கண்கூடக் கலங்கியது. பழைய கம்ப்யூட்டர், கனம் தாங்காமல் முனகி முனகி நின்றுபோகவே, பாரத்தைக் குறைக்க லேயர்களை ஒன்றாகச் சேர்த்துச் சேமித்துவிட்டுப் படுத்தாள். அதற்கு மறுநாள் காலையில்தான் பிள்ளையின் காது சிவக்காமல் இருந்தது.

ஆனால் அன்று பகல் முழுக்க அவளுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நினைப்பே எழவில்லை. வேலை அவளை இழுத்துக்கொண்டு போனது. மூக்கு நுனி, கன்னம், உதடு. எடுப்பதும் பூசுவதும் சேர்ப்பதுமாக மத்தியானம் ஓடிற்று. மூடிய இமைகளை மட்டும் கடைசிக்கு வைத்தாள். அவற்றைத் திறக்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

சாயங்காலம் வாலு வந்தாள். வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, மிஸ் கேட்டாங்க, மூஞ்சில பவுடர அப்பிட்டு வந்தியான்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேயறைந்த மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது பிள்ளையின் முகம். கன்னத்திலும் மூக்கிலும் உதட்டிலும் சொட்டு ரத்தமில்லை. அவள் சமையலறை விளக்கைக்கூட அணைக்காமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முனையிலிருந்த கிளினிக்குக்கு ஓடினாள்.

டாக்டர் வாலுவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. காய்ச்சலும் இல்ல. ஒழுங்கா சாப்பிடுதா?"

"டாக்டர், அந்த நிழலப் பாருங்க."

"எந்த நிழல்?"

தலைக்கு நேர் மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. டாக்டரின் மூக்கு நிழல் அவர் மீசை மேல் விழுந்திருந்தது. அவளுடையதும் அப்படித்தான் விழுந்திருக்கும். வாலுவின் மூக்கு நிழல் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து கன்னத்தில் கிடந்தது. இடது பக்கம் ஒரு ஜன்னல் இருப்பது போல. இடது பக்கம் மருந்து அலமாரி தவிர ஒன்றுமில்லை.

"நீங்க கொஞ்சம் தூங்குங்கம்மா," என்றார் டாக்டர்.

வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வாலுவைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஈரத் துணியின் வாடையும் சூடேறிய கம்பியின் வாடையும் அறையில் கலந்திருந்தன, கூரையிலிருந்து குழாய் வழியாக இறங்கும் மழைநீர் யாரோ நிறுத்தாமல் விழுங்குவது போல மடக் மடக்கென்று சத்தம் போட்டது. ஜன்னலோரம் எடுத்த வாலுவின் படத்தைத் திரையில் கொண்டுவந்தாள்.

படத்திலும் காது சாம்பலாக இருந்தது. மூக்கு நுனி சாம்பல். கன்னம் சாம்பல். அவள் எங்கெங்கே கலர் பிக்கரை வைத்தாளோ, அங்கெல்லாம்.

பக்கத்திலேயே தையல்காரம்மாவின் மகள். ரோஜாக் கன்னம். உள்ளே விளக்கு ஏற்றிய காது. மூடிய இமைகள். சுவாசம் மட்டும்தான் பாக்கி.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அழித்துவிடலாமா? விரல் போய் நின்றது. அழுத்தவில்லை. அழித்தால் அதற்குள் இருக்கும் பிள்ளையின் நிறம் எங்கே போகும்? ஒவ்வொரு படியாகப் பின்னுக்குப் போகலாமென்றால், சேமித்து மூடியபோதே பழைய படிகள் போய்விட்டன.

திருப்பி எடுத்தால்?

கலர் பிக்கரைச் செத்த பிள்ளையின் காதில் வைத்தாள். உறிஞ்சினாள். வாலுவின் படத்துக் காதில் பூசினாள். பூசிவிட்டுக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

போர்வைக்கு வெளியே தெரிந்த காது சிவந்தது.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "தங்கமே, தங்கமே," என்று முணுமுணுத்துக்கொண்டே மூக்கு நுனியை எடுத்தாள். உதட்டை எடுத்தாள். வெளிச்சம் படுகிற பக்கத்துக் கன்னம் முழுக்கத் திரும்பி வந்தது. அடுத்து நிழல் பக்கம். மழை உரத்தது. கை வேகம் பிடித்தது. கன்னத்தின் நிழல், கண்ணுக்குக் கீழே பள்ளம். பெரிய பிரஷ். அது வாலுவின் கண் மேலும் ஏறி ஓடியது.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். பிரஷ்ஷில் ஏறியிருக்கும் நிறத்தைக் காட்டும் கட்டம்.

சிவப்புதான். ஆனால் வெறும் சிவப்பில்லை. அடியில் ஒரு நீலம் இருந்தது. ஆஸ்பத்திரிப் படத்தின் நீலம்.

'சேத்துட்டா எது யாரோட நிறம்னு...'

கை நின்றது.

இவ்வளவு நேரம் எதை எடுத்து எதில் பூசினாள்? யாரை எடுத்து?

மின்சாரம் போயிற்று. திரை அணைந்தது. சேமிக்கவில்லை. இருட்டு. மழை. கட்டிலில் போர்வை விலகும் சத்தம். தரையில் வெறும் பாதங்கள்.

"வாலு?"

பாதங்கள் நெருங்கின.

"வாலு, கண்ணு, அங்கயே நில்லு. அம்மா வரேன்."

அவள் எழ வேண்டியிருக்கவில்லை. பிள்ளை தெரிந்தது. இருட்டில் வேறெதுவும் தெரியவில்லை, பிள்ளை மட்டும் தெரிந்தது. இடது பக்கம் இல்லாத ஜன்னலிலிருந்து வெயில் அதன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு வெளிச்சமும் இல்லை. காது செக்கச்செவேலென்று எரிந்தது.

மஞ்சள் ஃபிராக்.

"அத ஏன்டி போட்ட?"

"நான் போடலம்மா," என்றாள் வாலு. அவள் குரல்தான். பயந்த குரல். உதட்டில் பாதிதான் அசைந்தது. வெளிச்சப் பக்கத்துக் கண் அம்மாவையே பார்த்தது. அந்தக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அம்மா, இந்தக் கண்ணத் தொறக்க முடியலம்மா."

நிழல் பக்கத்துக் கண் மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்த படத்தில் இருந்தது போலவே.

அவள் ஓடிப்போய் முகத்தைக் கையில் ஏந்தினாள். ஒரு கன்னம் சுட்டது. மற்றது சில்லென்றிருந்தது. நடுவில் வெளிச்சமும் நிழலும் தொடும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. அவள் பிரஷ் நின்ற இடம்.

கதவைத் தட்டினார்கள்.

"அம்மா... நான்தாம்மா, தையல்." மழையில் நனைந்த குரல். "ஒதுங்கலாம்னு வந்தேன். படம் ஆயிடுச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமா?"

அவள் கைக்குள் இமை துடித்தது.

மூடியிருந்த கண் திறந்தது. அது அம்மாவைப் பார்க்கவில்லை. அது மட்டும் தனியாக வாசல் பக்கம் திரும்பியது. அசையாமல் இருந்த உதட்டின் மறுபாதி மெல்லப் பிரிந்தது.

"அம்மா."

வாலுவின் குரல் இல்லை.

வெளியே மழை மட்டும் கேட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மிக மெதுவாக, "என்னடா தங்கம்?" என்றாள் தையல்காரம்மா.

கிளினிக்கிலிருந்து வந்த அவசரத்தில் தாழ் போடாத கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.