எச்சில் சாயம்

செவ்வாயின் குவிமாட நகரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத்தைத் தொடுமுன் பெண்ணின் எச்சிலைத்தான் கேட்பார்கள். மகிழினி பஞ்சுக் குச்சியை நாக்கில் தேய்த்து, மாப்பிள்ளை வீட்டார் கூட்டிவந்த தரகு ரோபோவிடம் கொடுத்தாள்.

அது எச்சிலைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சூடு காட்டியது. ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால் கழுவல், கடைசியில் சிவப்புச் சாயம். தடித்த சுவருள்ள பாக்டீரியா கழுவினாலும் ஊதாவை விடாது. மெல்லிய சுவருள்ளது அதை இழந்து சிவப்பாகிவிடும். எல்லார் வாயிலும் இரண்டும் உண்டு. ஆனால் சிவப்பு மிகுந்தவர்கள் தீட்டு என்று நகரம் எப்போதோ முடிவு செய்திருந்தது.

"சிவப்பு," என்றது ரோபோ.

மாப்பிள்ளையின் அம்மா அங்கயற்கண்ணி எழுந்தாள். "எங்க வீட்ல ஊதா தவிர வேற ஆகாதுங்க."

மாப்பிள்ளை ஆதன் தரையைப் பார்த்தான். மகிழினியின் அப்பா தணிகைவேல் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

மகிழினி நகர மருத்துவமனையின் பாக்டீரியா நிபுணர். கழுவலைக் கவனித்திருந்தாள்.

"ஆல்கஹாலை அவ்வளவு நேரம் விட்டா ஊதாவும் வெளுத்துத்தான் போகும். ஏன் விட்ட?" என்று ரோபோவைக் கேட்டாள்.

"பெண் வீடு கீழ்க் குவிமாட முகவரி. அங்குள்ளவர்களுக்குக் கூடுதலாகக் கழுவ உத்தரவு."

பொய் சொல்ல அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

மகிழினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புதுக் குச்சியை அங்கயற்கண்ணியிடம் நீட்டினாள். "இப்ப நீங்க குடுங்க."

அவள் வாங்கவில்லை. ஆதன் வாங்கினான். தன் நாக்கில் தேய்த்துக் கொடுத்தான்.

மகிழினி ரோபோவின் சாயங்களை எடுத்து, அவனுடையதை அது செய்தபடியே வெகுநேரம் கழுவினாள். தன்னுடையதை மறுபடி எடுத்து, முறைப்படி கழுவினாள். இரண்டு சில்லுகளையும் ரோபோவின் கண்ணுக்கு நேரே வைத்தாள்.

"சொல்லு."

"ஆண் சிவப்பு. பெண் ஊதா."

அங்கயற்கண்ணி மெல்ல உட்கார்ந்தாள். குரல் இளகியது. "சாயத்தை விடும்மா, அதுல என்ன இருக்கு. ஏங்க, பூமியில உங்க பெரியவங்க எந்த ஊரு? எந்தத் தெரு?"

அதுவரை குனிந்திருந்த தணிகைவேல் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"மேலத் தெருதாங்க. நாங்களும் கண்ட வீட்ல கை நனைக்க மாட்டோம்."

மகிழினி அப்பாவையே பார்த்தாள். ரோபோவிடம்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்கவில்லை. போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றாள். "நீங்களுந்தாம்ப்பா."