கலாராணி கொண்டுவந்த பிடிமண்

ஜீப் நின்றதும் முதலில் வந்தது நாற்றம்தான்.

கலாராணிக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. பாலைவனத்தில் நாறுவதற்கு என்ன இருக்கிறது? நனைந்த சாக்கு, கருவாடு, கோயிலில் போடும் குங்கிலியம், எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு மூடிவைத்துத் திறந்த மாதிரி ஒரு வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிற டீச்சர் அவள். எகிப்து பாடத்தை வருஷம் தவறாமல் நடத்தியிருக்கிறாளே தவிர, அந்தத் திசைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பண்டாரவளையில் டூர் நடத்தும் அஸீஸ், "பிரமிட எல்லாரும் பாத்துட்டாங்க டீச்சர். ஆளே போகாத பாலைவனக் கோயிலா காட்டுறேன், வாங்க" என்று சொன்னான். இவளும் மயங்கிப் பெயர் கொடுத்துவிட்டாள். வந்து பார்த்தால் பகலெல்லாம் ஜீப், ராத்திரியெல்லாம் கூடாரம், நடுவில் இடிந்த சுவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி இடம்வரை வந்து சேர்ந்தாள். இதைப் பார்த்துவிட்டு நேரே விமானம் ஏற வேண்டியதுதான்.

கூரையில்லாத வாசலும், தலை உடைந்த ஒரு கல் நாயும் நின்றன. கோயில் என்று அஸீஸ் சொன்னதும் அவள் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

அவளுடைய பாட்டன் பூட்டன்மார் திருச்சிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தபோது, சொந்த ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்து எடுத்துவந்து, அதை வைத்துத்தான் தோட்டத்து மாரியம்மனை உண்டாக்கினார்கள். சக்தியுள்ள இடத்தில் பிடிமண் எடுப்பது அந்த ரத்தத்திலேயே ஊறிப்போன பழக்கம். இவளுக்கு வேண்டுதலும் இருந்தது. தங்கை விஜயலெட்சுமிக்கு உண்டானதெல்லாம் கலைந்து கலைந்து போய், இப்போதுதான் ஒன்று ஐந்தாம் மாதம்வரை தங்கியிருக்கிறது.

"எங்க விஜிக்கு ஒரு புள்ளய முழுசா குடு சாமி" என்று முணுமுணுத்து, சுவரடியில் இருந்த பொந்துக்குள் கையை விட்டாள். உள்ளே மண் மெத்தென்றிருந்தது. திருநீறு மாதிரி நைஸான பழுப்புத் தூள். கைக்குட்டையில் அள்ளி முடிந்துகொண்டாள்.

அதன் பிறகுதான் கீழே இறங்கும் படியைக் காட்டினார்கள்.

குகைக்குள் மூச்சு முட்டியது. உள்ளூர் வழிகாட்டி டார்ச் அடித்தபடி ஏதோ சொல்ல, அஸீஸ் தணிந்த குரலில் தமிழில் சொன்னான். "இது நாய்ச்சாமி கோயில் டீச்சர். ஏதாவது கேட்டு வர்றவங்க பதிலுக்கு ஒரு நாய்க்குட்டி குடுக்கணுமாம். கண்ணு தொறக்காத குட்டி. கழுத்த திருகி, துணியால சுத்தி, இங்க அடுக்கிருவாங்களாம்."

"இப்ப அதெல்லாம் எங்க?"

"நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிறதுதான். தோலும் துணியும் எலும்பும் உளுத்துத் தூளாப் போச்சு. மேல சுவத்துப் பொந்துல கெடக்குறதும் இதுதான்."

கலாராணி எப்படி மேலே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கல் நாயின் காலடியில் குனிந்து, காலையில் தின்றதையெல்லாம் கக்கினாள். நகக்கண்ணில் பழுப்பாக அப்பியிருந்தது. போத்தல் தண்ணீரை ஊற்றி எத்தனை முறை கழுவியும் அந்த வாடை போகவில்லை.

வேறு யாராவது என்றால் அந்த முடிச்சை அங்கேயே வீசியிருப்பார்கள். அவளால் முடியவில்லை. வேண்டிக்கொண்டு எடுத்த பிடிமண்ணைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அந்த மணற்காட்டில் ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? ஊருக்குப் போய் ஓடையில் விட்டுவிடலாம் என்று பைக்குள் சுருட்டி வைத்தாள்.

தெமோதரையில் மழை தூறிக்கொண்டிருந்தது. விஜியின் புருஷனுக்குக் கொழும்பில் வேலை. அதனால் அவள் அக்காவோடு டீச்சர் குவார்ட்டர்ஸிலேயே இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னக்கா இப்டி கருத்துப் போயிட்ட?"

"குளிச்சிட்டு வர்றேன். என்னைத் தொடாத."

முடிச்சைப் பின்பக்கத்து ஆணியில் மாட்டினாள். குளித்துவிட்டு ஓடைக்குப் போகலாம் என்பது நினைப்பு. சுடுதண்ணீர் ஊற்றித் தோல் சிவக்கத் தேய்த்தாள்.

திரும்பி வந்தபோது ஆணி காலியாக இருந்தது.

விஜி பின்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவிழ்ந்த கைக்குட்டை. ஆட்காட்டி விரலைத் தூளில் தொட்டு, கண்ணை மூடிச் சப்பினாள்.

"அந்த ஊருக் கோயில் திருநீறாக்கா? நல்லாருக்கு."

மசக்கை வந்த நாளிலிருந்து மாரியம்மன் கோயில் திருநீற்றைப் பொட்டலம் பொட்டலமாகத் தின்றவள் அவள். சுவர்ச் சுண்ணாம்பைக்கூட விட்டுவைக்கவில்லை. தெரிந்திருந்தும் இப்படி மாட்டிவைத்தோமே என்று கலாராணி தலையில் அடித்துக்கொண்டாள். தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள். நாக்கும் பல்லும் பழுப்புச் சேறாக இருந்தன.

"துப்புடி."

"முழுங்கிட்டேன்க்கா."

அது என்ன தூள் என்று கலாராணி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே பிள்ளை கலைந்துவிடும். மிச்சத்தைக் கைக்குட்டையோடு ஓடையில் விட்டு, அது சுழித்துக்கொண்டு மறையும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றோடு விஜிக்கு மசக்கை நின்றுபோனது. பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை நன்றாக வளர்கிறது என்றார்கள். ஆனால் அவள் பேசும்போது வாயிலிருந்து அந்த வாடை வந்தது. சோற்றை ஒதுக்கிவிட்டு, குப்பைக்குப் போட்ட மீன் முள்ளைப் பொறுக்கி உறிஞ்சினாள். கலாராணிக்கு அவளோடு ஒரே பாயில் உட்காரவே கூசியது. கூடப் பிறந்தவளைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று அழுகையும் வந்தது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து நாய்களெல்லாம் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து உட்கார ஆரம்பித்தன.

எதுவும் குரைக்கவில்லை.

ஒருநாள் விஜி இருமிக்கொண்டே வந்து வாயைத் திறந்து காட்டினாள். தொண்டையில் ஒரு நூல். கலாராணி பிடித்து இழுத்தாள். வந்தது நூல் இல்லை, விரலகலத் துணிப்பட்டை. வழவழவென்று வந்துகொண்டே இருந்தது. அடுப்பில் போட்டதும் வீடெங்கும் குங்கிலியம் மணந்தது.

அப்படியும் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆண் பிள்ளை. கலாராணி விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இத்தனை நாள் பட்டதெல்லாம் மனப்பிராந்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஆசை தீரக் கொஞ்சினாள்.

பிள்ளை வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். தேயிலை மலையெல்லாம் பனிமூட்டம். நாய்கள் அன்று உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நின்று கதவையே பார்த்தன.

வீட்டுக்குள் பிள்ளைச் சத்தம் இல்லை.

விஜி பாயில் உட்கார்ந்து பழைய சேலையைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். கால், கை, நெஞ்சு என்று பிள்ளையை இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக, அத்தனை நேர்த்தியாகச் சுற்றியிருந்தாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"விஜி, என்னடி பண்ற?"

"சுத்துனா அழமாட்டேங்குறான்க்கா."

"யாரு ஒனக்கு இப்டி சுத்தச் சொன்னா?"

விஜி நிமிர்ந்தாள். உதட்டோரம் பழுப்புத் தூள்.

"நீதான கேட்டு வந்த" என்றாள் கிசுகிசுப்பாக. "பதிலுக்குக் குடுக்க வேணாமா?"

அவள் கை பிள்ளையின் கழுத்துக்குப் போனது.

கலாராணி பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கினாள். அவிழ்க்க அவிழ்க்க, சோப்புப் போட்டுத் துவைத்து வைத்திருந்த சேலை உள்ளே பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டியிருந்தது. அந்த வாடை முகத்தில் அறைந்தது. கடைசிப் பட்டை கழன்றதும் பிள்ளை விசுக்கென்று மூச்சிழுத்தது. விஜி மிரள மிரள விழித்து, "அக்கா, நான் என்ன செஞ்சேன்?" என்று தேம்பினாள். வெளியே நாய்கள் ஒவ்வொன்றாக இறங்கி லயத்துப் பக்கம் போய்விட்டன.

"ஒன்னுமில்ல. புள்ள பொழச்சிருச்சு" என்றாள் கலாராணி. தோளில் சாய்த்து முதுகைத் தடவினாள். பிள்ளையின் உடம்பு கதகதப்பாக இருந்தது. வேண்டிக் கேட்டது முழுசாகக் கையில் இருந்தது.

பிள்ளை முகத்தைத் திருப்பி அவள் கன்னத்தை நக்கியது.

ஈரமே இல்லாத நாக்கு. தொட்டுப் பார்த்த விரலில் பழுப்புத் தூள் ஒட்டியது. அருவருப்பில் அவள் உடம்பெல்லாம் கூசிச் சுருங்கியது. ஆனாலும் பிள்ளையைக் கீழே விட மனம் வரவில்லை.

அவன் மறுபடியும் நக்கினான்.