பாலத்துக்குள் போன மூன்றாவது வண்டி

"மன்னிப்புக் கேட்டா வேலை மிஞ்சும்னு சொல்றாங்க. நான் கேக்க மாட்டேன் சார்."

உட்காரச் சொல்வதற்குள் அவள் இதைச் சொல்லிவிட்டாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு சலவை ஆலையில் வேன் ஓட்டுபவள். முழங்கையில் கட்டு. முகத்தில் தூக்கமில்லாத களைப்பு இருந்தது, கெஞ்சல் மட்டும் இல்லை.

மதிப்பீட்டாளர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, விபத்து எப்படி நடந்தது என்று காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்வதுதான் அவர் செய்துவந்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை மதிப்பீட்டாளர் என்றே அழைத்தது. அவருடைய அறை, மனைவியின் தம்பி நடத்தும் பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. யாராவது படியேறினால் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மைத்துனரும் கூடவே ஏறி வந்துவிடுவார். இப்போதும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கால்வாய் நடைபாலத்துல மாட்டின வேன் உங்களுதுதானா?" என்றார் மைத்துனர் ஆர்வத்துடன். "போட்டோ எல்லார் போன்லயும் சுத்துதே!"

"ஆமா, அந்தப் பாலத்துக்காரி நான்தான். நல்லாப் பாத்துக்குங்க."

மைத்துனர் கதவோரமாக நகர்ந்துகொண்டார்.

"மொதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார் மதிப்பீட்டாளர்.

அவள் சொன்னாள். மத்தியானம், மருத்துவமனைக்குப் போகிற வழி. வளைவு தாண்டியதும் சாலை நடுவே ஒரு பலகை நின்றது. மஞ்சள் பலகை, கறுப்பு அம்பு, 'மாற்றுவழி' என்று எழுத்து. அம்பு காட்டிய சந்தில் திரும்பினாள். இரண்டு பக்கமும் உயரமான மதில். சந்து முடிந்த இடத்தில் நடைபாலத்தின் வாய்.

"அங்க வண்டி போகாம இருக்க மூணு இரும்புத் தூண் நட்டிருக்குமே?" என்றார் மதிப்பீட்டாளர்.

"நான் போனப்போ ரெண்டுதான் இருந்துச்சு. நடுவுல இல்ல. எனக்கும் சந்தேகம் வந்துச்சு சார். ஆனா பின்னால இன்னொரு வண்டி ஹாரன் அடிக்குது, திரும்ப எடமில்ல. சர்க்காரே பலகை வச்சிருக்கேன்னு மெதுவா உள்ள விட்டேன். பாதிப் பாலத்துல விளக்குக் கம்பத்துக்கிட்ட குறுகுது. வண்டியோட விலா கைப்பிடியில லேசா உரசுச்சு. அவ்வளவுதான். பால்பல்லு விழுற மாதிரி கம்பி கழண்டு கால்வாய்க்குள்ள போயிடுச்சு. முன் சக்கரம் ஒண்ணு அந்தரத்துல. மூட்டை மேல தவழ்ந்து பின்கதவு வழியா வெளிய வந்தேன். பின்னால வந்த வண்டி அதுக்குள்ள ரிவர்ஸ்ல போயிடுச்சு. திரும்பி நடந்து வந்தா நடுத்தூண் ஓரமாப் படுத்துக் கிடக்கு, பாலப் பராமரிப்பு ஆளுங்க வந்து நான்தான் இடிச்சுத் தள்ளினேன்னாங்க. வளைவுக்குப் போனா பலகையக் காணோம்."

"பலகையைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"பலகைன்னு வாயத் தொறந்ததும் கொல்லுனு சிரிச்சாங்க. போன்ல மேப்பைப் பாத்துட்டு கண்ண மூடிக்கிட்டு வந்துட்டு கதை விடுறாளேன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச விடல. நான் ஒண்ணும் முதல் ஆளில்ல சார். இதே பாலத்துல இதுக்கு முன்னாடி ரெண்டு வண்டி மாட்டியிருக்கு. அவங்க ரெண்டு பேரும் தப்பு எங்களுதுதான்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. நானும் எழுதணுமாம். கைப்பிடியை நான் உடைச்சேன்னு."

"எழுதலேன்னா?"

"வேலையும் போகும், லைசென்சும் போகும்ங்கறாங்க. போகட்டும். செய்யாத தப்புக்குத் தலை குனிஞ்சுட்டு நாளைக்கு எந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கறது?"

மதிப்பீட்டாளர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

முதலில் சலவை ஆலைக்குப் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால், ஈரத்துணி ஆவிக்கு நடுவே வேன் நின்றது. இடது விலாவில் தோளளவு உயரத்தில் நீல நிறக் கீறல் ஒன்று. ஆணியால் கிழித்த அளவுதான். மதிப்பீட்டாளர் முன்பக்கம் குனிந்து பம்பரைத் தடவினார். பல நாள் தூசி படிந்து கிடந்தது, ஒரு நசுங்கல்கூட இல்லை.

"வண்டி வாசனை பிடிச்சது போதும், பாலத்துக்குப் போவோம் அத்தான்," என்று அவசரப்பட்டார் மைத்துனர்.

பாலத்தில் சனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். கைப்பிடி மூன்று இடங்களில் இல்லை. அங்கெல்லாம் ஒரு கயிறு கட்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடிவிட்டு ஓடின. கீழே கால்வாய் ஆழத்தில் கறுப்பாக ஓடியது.

பாலத்தின் வாயில் ஒரு தையல் கடை. தையற்காரர் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினார். "மூணு வண்டியும் உள்ள போனப்புறந்தான் எனக்குத் தெரியும். கடை அந்தப் பக்கம் பாத்திருக்கே. பைக் ஓட்டறவனுங்க தொல்லையே தாங்கல, இதுல வேன் வேற."

"கைப்பிடிக்கு நீலப் பெயிண்ட் புதுசா இருக்கே?" என்றார் மதிப்பீட்டாளர்.

"மொத வண்டி வந்ததுக்கு முந்தி அடிச்சாங்க. நான் தச்சுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோட ஒரு ஆளு அதுல சாஞ்சு, எங்கிட்ட வந்து சண்டை போட்டான். அப்புறம் ஏது பெயிண்ட்? கயிறு கட்டினதோட சரி."

கால்வாயிலிருந்து தூக்கிய கைப்பிடித் துண்டுகள் கரையில் கிடந்தன. மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றின் உடைந்த முனையையும் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் நீலப் பொடி ஒட்டிக்கொண்டது. பிறகு பாலத்தின் வாய்க்குப் போய், நடுத்தூண் நின்றிருந்த குழியின் விளிம்பை விரலால் சுற்றித் தடவினார். விளிம்பு வட்டமாக, வழுவழுப்பாக இருந்தது.

"யாரு நீங்க? அங்க என்ன நோண்டறீங்க?"

வந்தவர் பாலப் பராமரிப்பு மேற்பார்வையாளர். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. வேன் விஷயம் என்று மதிப்பீட்டாளர் தொடங்கியதுமே ஓட்டுநரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதைதான் சார் இது. ஓட்டத் தெரியல, பலகை மேல பழி. ஊர்ல ஆயிரம் வண்டி ஓடுது, இவங்க மூணு பேர் கண்ணுக்கு மட்டும் மஞ்சப் பலகை தெரியுதாம். பேசாம எழுதிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நாளைக்குப் பெரிய என்ஜினியர் பாக்க வர்றார். அதுக்குள்ள முடிச்சுட்டா எல்லாருக்கும் நல்லது."

"நாளைக்கு நானும் வர்றேன்," என்றாள் அவள். "அவர்கிட்டயே சொல்றேன், எழுத மாட்டேன்னு."

திரும்பும் வழியில் மைத்துனர் குரலைத் தாழ்த்தினார். "அத்தான், எனக்குத் தையற்காரர் மேல சந்தேகமா இருக்கு. பைக் தொல்லை தாங்கலன்னாரே? ரெண்டு விபத்து நடந்தா பாலத்துக்குக் கேட் போடுவாங்கன்னு கணக்குப் போட்டிருப்பார்."

"நடுத்தூணுக்குப் பூட்டு உண்டு மாப்ள. ஆம்புலன்ஸ் வந்தா கழட்டறதுக்கு. தையற்காரர்கிட்ட ஊசி இருக்கு, சாவி இல்லையே. நீங்க ஒரு வேலை செய்ங்க. மொத வண்டி ஓட்டினவரைத் தேடிப் பிடிச்சு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் முற்பகல் பாலத்தின் வாயில் ஒரு சிறு கூட்டம் கூடிவிட்டது. பொறியாளர், மேற்பார்வையாளர், சலவை ஆலை முதலாளி, தையற்காரர். மைத்துனர் ஒரு வயதான டாக்சிக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். முதலில் மாட்டியவர் அவர்தான். இரண்டாமவர் வேலை போய் ஊரைவிட்டே போய்விட்டாராம்.

மருத்துவமனைக்குச் சரக்கு நின்றுவிடக் கூடாது என்று, உரசலோடேயே அந்த வேனை முதலாளி எடுத்துவரச் செய்திருந்தார். அது சந்தில் நின்றது.

"ஐயா, இந்தப் பம்பரைப் பாருங்க," என்று தொடங்கினார் மதிப்பீட்டாளர். "இரும்புத் தூணை இடிச்சுச் சாய்ச்ச வண்டியோட மூஞ்சியா இது? தூசிகூடக் கலையல. குழியோட விளிம்பைத் தொட்டுப் பாருங்க. இடிச்சிருந்தா கிழிஞ்சிருக்கும். இது உறையிலேருந்து கத்தியை உருவற மாதிரி நேரா உருவினது. பூட்டும் உடையல. சாவி போட்டுத் தெறந்திருக்கு."

பொறியாளர் தொட்டுப் பார்த்தார். "சரி, எவனோ கழட்டியிருக்கான். கைப்பிடி?"

மதிப்பீட்டாளர் ஒரு துண்டைத் தூக்கி, உடைந்த முனையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"உடைஞ்ச வாய்க்குள்ள என்ன தெரியுது?"

"பெயிண்ட்," என்றார் பொறியாளர். சற்று நின்று, "நீலப் பெயிண்ட்," என்றார் மெதுவாக.

"வேன் பட்டு உடைஞ்சிருந்தா உள்ள பளபளன்னு இரும்பு தெரியணும். பெயிண்ட் உள்ள போகணும்னா, அடிக்கும்போதே அங்க வெடிப்பு வாயைப் பிளந்துக்கிட்டு இருந்திருக்கணும். பெயிண்ட் அடிச்சது எப்போன்னு தையற்காரரைக் கேளுங்க."

"மொத வண்டிக்கு முந்தி," என்றார் தையற்காரர். இம்முறை இயந்திரம் இல்லாததால் குரல் கணீரென்று கேட்டது.

"மூணு துண்டுலயும் இதே கதைதான். இந்தக் கைப்பிடியை எந்த வண்டியும் உடைக்கல. ஏற்கெனவே உடைஞ்சதைப் பெயிண்ட்டால ஒட்டி நிறுத்தியிருக்காங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச வேலை. ஐயா, இந்தக் கைப்பிடிக்கு வெல்டிங் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டீங்களா?"

"போட்டேன். முடிஞ்சதுன்னு இவர்தான் சொன்னார்." பொறியாளர் மேற்பார்வையாளரின் பக்கம் திரும்பினார்.

"வெல்டிங் நடக்கவே இல்ல," என்றார் மதிப்பீட்டாளர். "நீங்க நேர்ல வரப்போறீங்கன்னு தெரிஞ்சதும், உடைப்புக்கு ஒரு காரணம் தேவைப்பட்டுச்சு. வண்டி எங்க உரசினாலும் சரி, பாலத்துக்குள்ள வந்தாலே போதும். உடைச்சது நான்தான்னு ஓட்டினவங்களே எழுதிக் கொடுப்பாங்க. மூணு உடைப்புக்கு மூணு வண்டி."

மேற்பார்வையாளர் சிரிக்க முயன்றார். "தூணை எந்த விஷமியோ கள்ளச்சாவி போட்டுக் கழட்டியிருப்பான். இதுக்கெல்லாம் நானா?"

"பலகையை எங்க வச்சிருக்கீங்க?"

"எந்தப் பலகை? நாங்க பலகையே வைக்கல."

"ஐயா, உங்க துறைப் பலகை என்ன நிறம்?"

"சிவப்பு வெள்ளை. வேற நிறமே கிடையாது," என்றார் பொறியாளர்.

"இந்தம்மா என்கிட்ட மட்டும் மஞ்சள்னு சொன்னாங்க. வேற யார்கிட்டயும் சொல்ல விடல, பலகைன்னதுமே சிரிச்சுட்டீங்க." மதிப்பீட்டாளர் டாக்சிக்காரரைப் பார்த்தார். "பெரியவரே, நீங்க நிறம் சொன்னீங்களா?"

"எங்கப்பா சொல்ல விட்டாங்க? நானும் பலகைன்னேன், கிழவனுக்குக் கண்ணு அவுட்டுன்னாங்க. அடுத்து மாட்டின தம்பியையும் இப்படியேதான் வாயடைச்சாங்களாம். வீட்லயும் அதையே சொல்லி சாவியை வாங்கி வச்சுட்டாங்க. மஞ்சள்தான் சாமி! எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது!"

"யாருமே சொல்லாத நிறம் நேத்து உங்க வாயில எப்படி வந்துச்சு?" என்றார் மதிப்பீட்டாளர். குரலை அவர் உயர்த்தவே இல்லை.

மேற்பார்வையாளரின் கை சாவிக்கொத்தை இறுகப் பற்றியது.

"வெல்டர் வரல சார்," என்றார் கடைசியில், பொறியாளரிடம். "இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப்போச்சு. முடிஞ்சதுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். ஒரு பொய்யைக் காப்பாத்த... யாருக்கும் அடிபடாதுன்னு நெனைச்சேன்."

"சக்கரம் அந்தரத்துல நின்னப்போ உள்ள இருந்தவ நான்," என்றாள் அவள்.

பொறியாளர் மேற்பார்வையாளரை அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார். "உங்க மேல தப்பில்லம்மா. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நடந்தது நடந்துபோச்சு, இதைப் பெருசாக்க வேணாம்."

"பெருசாக்கினது நீங்க. ஊரே பாத்துச் சிரிச்சுது. பெரியவர், நான், ஊரைவிட்டுப் போனவர், மூணு பேர் மேலயும் தப்பில்லன்னு நீங்க எழுதி, இந்தப் பாலத்து வாயிலயே ஒட்டணும். அவரை எங்க இருந்தாலும் தேடிக் கூப்பிட்டு வேலையத் திருப்பி வாங்கிக் கொடுக்கணும்."

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா? இந்தக் கயிறு எப்போ கம்பியாகும்?"

"அதுக்கு ஒரு முறை இருக்கு. பாலத்தை மூட உத்தரவு வாங்கணும், அறிவிப்புக் கொடுக்கணும்..."

அதற்குள் அக்கரையிலிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பாலத்தில் ஓடி வந்தன. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. பாலத்தில் இறங்கி, கயிற்றருகே நின்று, ஒவ்வொரு பிள்ளையாக உட்பக்கமாக ஒதுக்கி இந்தக் கரைக்கு அனுப்பிவிட்டு வந்தாள். பிறகு நேரே போய் வேனில் ஏறினாள். வண்டி உறுமியது. இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்து, மதிலுக்கும் தையல் கடைக்கும் இடையே, பாலத்தின் வாயில் சாய்வாக, ஒரு ஆள்கூட நுழைய முடியாதபடி நிறுத்தினாள். சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"ஏய், என்ன பண்றே? துணி ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று கத்தினார் முதலாளி.

"துணிக்கு வேற வண்டி கூப்பிடுங்க. இது இங்கதான் நிக்கும்."

"இது வண்டி நிக்கற எடமில்லம்மா!" என்றார் பொறியாளர்.

"தெரியும் சார். மூணு தரம் தெரியாம வந்தோம். இந்தத் தரம் தெரிஞ்சே வந்திருக்கேன். அக்கரைக்கு ஒரு ஆளை அனுப்பி அந்தப் பக்கத்தையும் மறிக்கச் சொல்லுங்க. வெல்டர் வரட்டும், நகத்தறேன்."

வேனுக்கு அந்தப் பக்கம், பாலத்தை ஒட்டி நின்றிருந்த டாக்சிக்காரர் உடனே அக்கரைக்குப் புறப்பட்டார். யாரும் அனுப்பவில்லை. பாலத்தின் நடுவே, கயிற்றைத் தொடாமல், நிமிர்ந்த முதுகோடு நடந்து போனார். தையற்காரர் தன் கடை முக்காலியை எடுத்து வந்து அவளுக்குப் போட்டார்.

பொறியாளர் வேனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மதிப்பீட்டாளரைப் பார்த்தார். மதிப்பீட்டாளர் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பொறியாளர் போனை எடுத்து, வெல்டரின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

மைத்துனர் ஒரு செங்கல்லைத் தேடி எடுத்து வந்து வேனின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

"சரிவா இருக்குல்ல அத்தான்," என்றார். "யாராவது தள்ளிட்டா?"