போகிக்குள் ஓர் அந்நியர்

காலையில் காபியை ஆற்றிக்கொண்டே என் மனைவி மிதுனாவின் கதைத் தளத்தைத் திறப்பது என் வழக்கமாக இருந்தது. அவள் போய்ச்சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கதைகள். ஒரு காபிக்கு ஒரு கதை. அவளோடு வாழ்ந்த நாற்பத்தாறு வருடத்தில் நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கேட்டால் வேலை என்பேன். கோபியில் சோலார் மோட்டார் விற்று, பழுதும் பார்க்கிறவனுக்கு அப்படி என்ன தலைபோகிற வேலை என்று அவளும் கேட்டதில்லை.

சாயங்காலமானால் அவள் தளத்தின் வருகைக் கணக்கைப் பார்ப்பாள். அது பெரும்பாலும் சுழியமாகவே இருக்கும். எப்போதாவது மாறினால் கூடத்துக்கு வந்து, "ஏனுங்க, இன்னைக்கு ஒருத்தர்" என்பாள். "அந்த ஒருத்தர் நீயாத்தான் இருப்பே" என்பேன். எனக்கு அது பெரிய வேடிக்கை. அவளும் சிரிப்பாள். பிறகு ஒரு கட்டத்தில் வந்து சொல்வதையே நிறுத்திவிட்டாள். அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

இருநூற்றுப் பதினொன்றைப் படித்தாயிற்று, பலவற்றை இரண்டு மூன்று முறை. கடைசிக் கதையை மட்டும் தொடவில்லை. அதன் பெயர் 'எதிர் நாற்காலி'. அதையும் முடித்துவிட்டால் அவளிடமிருந்து புதிதாக ஒரு சொல்லும் வராது என்கிற பயம்தான்.

ஐப்பசியில் 'தேடி'யிடமிருந்து எச்சரிக்கை வந்தது. உலகத்துக்கு இப்போது இருக்கிற ஒரே தேடுபொறி அதுதான். ஒரு வருடமாக அந்நியர் யாரும் தேடி வராத தளங்களை அது அழித்துவிடும்; ஒருவர் வந்தாலே முழுத் தளமும் தப்பும். எங்கள் வட்டாரத்துக்கு அந்த நாளைப் போகியன்று வைத்திருக்கிறார்கள். எவனோ விவரமானவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

அதனால்தான் எழுபத்திரண்டு வயதில் நகராட்சி மண்டபத்தில், தேடியில் நம் தளத்தை மேலே கொண்டுவரச் சொல்லித்தரும் தேடல் சீராக்க வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பெயர் கேட்டார்கள். கிருத்திக் என்றேன். பின்வரிசையில் சிரிப்பு. எங்கள் தலைமுறைப் பெயர்களெல்லாம் இப்போது கிழட்டுப் பெயர்கள்.

பாடம் எடுத்த பூவிழிக்கு முப்பது வயதிருக்கும். "இப்ப ஆரும் பேரப் போட்டுத் தேடறதில்லீங்கய்யா. மனசுல இருக்கறதக் கேக்கறாங்க. தேடி ஒரே ஒரு பக்கத்தக் காட்டும். நம்ம கதை எந்தக் கேள்விக்குப் பதிலுன்னு நாமதான் எழுதி வெக்கோணும்" என்றாள். அதற்கு வினாத்தலைப்பு என்று பெயர்.

முதல் பத்துக் கதைகளுக்கு 'தரமான கதை கோபியில் எங்கே கிடைக்கும்?' என்று எழுதிக்கொண்டு போனேன். மோட்டார் விற்ற புத்தி. பூவிழி பொறுமையாக அழித்தாள். அதன்பின் ஒவ்வொரு கதையையும் திரும்பப் படித்தேன். 'கோபித்துக்கொண்ட தம்பி வீட்டுக்கு முதலில் யார் போவது?' 'அம்மாவின் சேலைகளை யாருக்குக் கொடுப்பது?' மிதுனா இதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான் எனக்குத் தோசை வார்த்திருக்கிறாள்.

கார்த்திகையிலும் அந்நியர் வருகை சுழியத்திலேயே நின்றது. பூவிழி என் கணக்கை விரித்துப் பார்த்தாள்.

"ஐயா, தினமும் உள்ள போறீங்களா?"

"காபிக்கு ஒரு தரம். கேள்வி எழுதறப்போ நாலஞ்சு தரம்."

"அதுதானுங்க கெடுக்குது."

அந்தக் காலத்தில் சொந்தக்காரர்களையும் இயந்திரங்களையும் பார்க்கவைத்து வருகையை ஏற்றிக்கொண்டார்களாம். அதிலிருந்து தேடி பாசக் கழிவு என்று ஒன்றை வைத்துவிட்டது. வேண்டியவர்கள் எவ்வளவு வருகிறார்களோ அவ்வளவுக்குத் தளத்தைக் கீழே தள்ளும். நான் அவளை ஆசையாகப் படித்த ஒவ்வொரு காலையும் அவளை ஒரு படி கீழே இறக்கியிருக்கிறேன்.

வேறு வழி ஒன்று உண்டு என்றாள். எல்லாவற்றையும் வீட்டுக்குப் படி எடுத்துக்கொள்ளலாம். எடுத்த நொடியே பொதுத் தேடலிலிருந்து தளம் விலகிவிடும். அப்புறம் அது எனக்கு மட்டும், நான் இருக்கிற வரை.

"இல்லீன்னா?"

"நீங்க போகாம இருக்கோணும். ஒரு தரம் போனாலும் உங்க கண்ணு படிக்கற விதத்த வெச்சே அது கண்டுபுடிச்சுரும். போகி தாண்டினாலும் அடுத்த போகிக்கு இதே கதைதானுங்க."

வீட்டுக்கு வந்து படி எடுக்கும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும். ஆனால் கூடத்து வாசலில் நின்று 'இன்னைக்கு ஒருத்தர்' என்று அவள் சொன்னது நினைவில் வந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது யாரோ ஒருவர். நான் பக்கத்திலேயே இருந்தும் அந்த ஒருவராக இருக்கவில்லை. விரலை எடுத்துவிட்டேன்.

கடைசிக் கதைக்கு மட்டும் வினாத்தலைப்பு பாக்கி. உள்ளே போகாமல், கதைகளின் பெயர் மட்டும் தெரிகிற மேலாண்மைப் பலகையிலிருந்து எழுத வேண்டும். 'எதிர் நாற்காலி' என்ற பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் எதிர் நாற்காலியில் உட்காருகிறவன் நான். ரொம்ப நேரம் யோசித்து, 'பக்கத்தில் இருந்தும் கேட்காத கணவனோடு எப்படி வாழ்வது?' என்று எழுதினேன்.

மார்கழி முழுக்கக் கை தானாகத் திரைக்குப் போகும். இழுத்துக்கொள்வேன். காபி கசந்தது. சில வரிகள் மனப்பாடமாக இருந்தன. ஒன்றிரண்டு நழுவத் தொடங்கியபோது அழுதேன். எடுத்துப் பார்க்க முடியாது.

போகியன்று காலை தெருவில் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டு போனார்கள். அறிக்கை வந்தது. பயந்துகொண்டே திறந்தேன்.

அந்நியர் வருகை: ஒன்று. ஊர், பெயர் எதுவும் காட்டாது. அவர் கேட்ட கேள்வியை மட்டும் காட்டும். 'நான் பேசுறது அவருக்குக் கேக்கவே இல்ல, என்ன பண்றது?' தேடி காட்டிய கதை 'எதிர் நாற்காலி'. படித்த நேரம் இருபத்தாறு நிமிடம். முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து.

அப்படியானால் நான் எழுதிய கேள்வி சரி. அந்தக் கதையில் என்ன பதில் எழுதியிருக்கிறாள் என்பது முகம் தெரியாத அந்த ஒருவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் கூடாது.

திரையை அணைத்தேன். எழுந்து, அவள் வந்து நிற்கிற கூடத்து வாசலில் போய் நின்றேன்.

"மிதுனா, இன்னைக்கு ஒருத்தர்" என்றேன். "நான் இல்ல."