ஏழாம் நம்பர் கண்கள்

முதியோர் இல்லத்துக்கு அனுப்பிய அப்பாவின் படம் மூன்றாவது தடவையும் திரும்பி வந்திருந்தது. முதல் தடவை பின்னால் சுவரில் நிழல் விழுகிறது என்றார்கள், சரி. இரண்டாவது தடவை தலை சாய்ந்திருக்கிறது என்றார்கள், அதுவும் சரி. இந்தத் தடவை காரணம் என்ற கட்டத்துக்குள் ஒரே ஒரு வரி: "படத்தில் இருப்பவர் உயிருடன் உள்ளாரா என்று உறுதிசெய்ய இயலவில்லை." அந்த உயிருள்ள மனிதர் பக்கத்து அறையில் விட்டுக்கொண்டிருந்த குறட்டையோ கதவையும் சுவரையும் தாண்டி வந்து அவள் முழங்கை ஊன்றியிருந்த மேஜையை அதிர வைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே! மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா குளியலறையில் விழுந்தார். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, கண்ணையும் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஸ்டூடியோவுக்குப் போவதை விட்டு, கல்யாணப் படங்களைத் திருத்துகிற வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. அண்ணன் வாரம் தவறாமல் ஃபோன் பண்ணி "பாவம்டி நீ" என்று சொல்லிவிட்டு வைப்பான். அவன் பங்குக்கு அதையாவது செய்தானே, புண்ணியவான்.

முதியோர் இல்லத்து அலுவலகத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஃபோன் போட்டாள்.

"அவரால கண்ணைத் திறக்க முடியாதுங்க. திறக்க முடிஞ்சா நான் ஏன் உங்க இல்லத்துல சேக்கப்போறேன்?"

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா படத்தைப் பாக்குறது மெஷினு. கண்ணு திறந்திருக்கணும், வாய் நேரா மூடியிருக்கணும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள படம் ஏறலைன்னா அந்தக் கட்டில் அடுத்தவங்களுக்குப் போயிடும். அப்புறம் எட்டு மாசம் ஆகும்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க ஃபோட்டோ வேலைதானேக்கா பாக்குறீங்க? நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எட்டு மாதம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மணி மூன்றரை.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரிடமும் ஒரு கண் டப்பா இருக்கும். குடும்பப் படம் எடுக்கும்போது சரியாக அந்த நொடியில் கண்ணை மூடித் தொலைக்கிற சித்தப்பா இல்லாத குடும்பம் உண்டா என்ன? அதற்காக ஏற்கெனவே வெட்டி எடுத்த நல்ல கண்களை வயது வாரியாக, வெளிச்சம் வாரியாகக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருப்பார்கள். யாருடைய கண் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. 'வயசானவர், இடது வெளிச்சம்' என்ற வரிசையை அவள் திறந்தாள். ஒன்றாம் நம்பர் மிரண்டுபோயிருந்தது. நாலாம் நம்பர், பந்தியில் இடம் கிடைக்காத ஆள் மாதிரி முறைத்தது. ஏழாம் நம்பர்தான் அளவெடுத்துத் தைத்ததுபோல் அப்பாவின் முகத்தில் உட்கார்ந்தது. ஓரங்களைக் கரைத்தாள். தோலின் நிறத்தைச் சேர்த்தாள். கண்மணிக்குள் ஜன்னல் வெளிச்சத்தின் சின்னப் புள்ளியைச் சரியான பக்கத்தில் வைத்தாள். சேமித்தாள்.

குறட்டை நின்றது.

பழகிய சத்தம் நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அவள் எழுந்து போனாள். அப்பாவின் அறையில் எப்போதும் போல டெட்டாலும் முகப்பவுடரும் ஈரத் துணியும் கலந்த வாடை. பாதி இழுத்த திரைச்சீலை. மருந்து அட்டைகளின் மேல் விழுந்துகிடந்த மதிய வெயில். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன.

"அப்பா?"

அந்தக் கண்கள் மெதுவாக அறையைச் சுற்றி வந்தன. விட்டம், ஜன்னல், அலமாரி, கதவு என்று ஒவ்வொன்றாக, முதல் தடவை ஒரு வீட்டுக்கு வந்தவர் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தன. அவள் முகத்துக்கு வந்தன. கொஞ்சம் நின்றன. தாண்டிப் போய்விட்டன. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வெள்ளை படர்ந்திருந்தது. இந்தக் கண்ணில் புரை இல்லை. தெளிந்த பழுப்பு.

சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. கண் திறந்துவிட்டாரே, புதுப் படமே எடுத்துவிடலாமே என்று ஃபோனைத் தூக்கினாள். திரைக்குள்ளிருந்து அந்தப் பார்வை நேராக அவளைப் பார்த்ததும் கை தானாகக் கீழே இறங்கியது. திரும்பி வந்து, திருத்திய படத்தையே அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "வாய் கோணலாக உள்ளது."

அப்பாவின் வாய் வலது ஓரத்தில் தொங்கிப்போயிருந்தது. அதற்கும் வழி இருக்கிறது. நன்றாக இருக்கும் பாதியை எடுத்துக் கண்ணாடியில் திருப்புவது மாதிரித் திருப்பி, கெட்ட பாதியின் மேல் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அவள் அந்த இரண்டு நிமிடமும் பக்கத்து அறையைக் கேட்டுக்கொண்டேதான் செய்தாள். என்ன நடக்கும் என்று தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் செய்தாள்.

சேமித்தாள்.

படத்தை அனுப்பும்போதே உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"யாராவது இருக்கீங்களா?"

அப்பாவின் தொண்டைதான். ஆனால் அப்பா அவளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அடியே" என்று தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்துவாரே தவிர, இப்படித் தயங்கித் தயங்கிக் கூப்பிட அவருக்குத் தெரியவே தெரியாது. கதவுவரை போனாள். எட்டிப் பார்த்தாள்.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

கொடுத்தாள். மூன்று மாதமாக அசையாத வலது கை நீண்டு டம்ளரை வாங்கியது. விரல் அவள் விரலில் பட்டது. சில்லிட்டிருந்தது. ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களுக்கு வீண் சிரமம். எங்க வீட்டுல தகவல் சொல்லிட்டீங்களா? அவ தேடுவா."

அப்போதுதான் ஏழாம் நம்பர் யார் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மாள் ஸ்டூடியோவுக்கு இரண்டு படங்களோடு வந்தாள். ஒன்று புருஷன் உயிரோடு இருந்தபோது எடுத்தது. மற்றொன்று, புதுச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தபோது. "அந்தச் சட்டையிலயே, முழிச்சிருக்கிற மாதிரி பண்ணிக் குடும்மா" என்றாள். பழைய படத்திலிருந்து கண்ணை வெட்டிச் செத்த முகத்தில் வைத்துக் கொடுத்தாள் இவள். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு "இப்ப சரி" என்றாள். நல்ல கண்ணாயிற்றே, வீணாகப் போவானேன் என்று இவள்தான் டப்பாவில் போட்டு வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

மேஜையில் ஃபோன் மினுங்கியது. "படம் ஏற்கப்பட்டது. நாளை காலை பத்து மணிக்கு வண்டி வரும்."

மணி நாலே முக்கால். பழைய படம் இன்னும் அழியாமல் இருந்தது. மூடிய கண், கோணல் வாய். திருத்தினதன் மேல் அதைத் தூக்கிப் போட்டுச் சேமித்தால் போதும். மௌஸின் மேல் கையை வைத்தாள். அப்பா இப்போது எங்கே இருக்கிறார்? கேள்வி வந்தது. எதிரிலேயே நின்றது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எட்டு மாதம். அவள் உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது, தூங்கும்போது மடங்கிக்கிடந்த கை மாதிரி.

கம்ப்யூட்டரை அணைத்தாள். அன்று ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கினாள்.

காலையில் வண்டியோடு இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்ட்ரெச்சருக்கு வேலையே இல்லை. அவர் தலைவாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தானே நடந்து வாசலுக்கு வந்தார்.

"பெரியவர் ஜம்முனு நடக்குறாரே! படுத்த படுக்கைன்னுல்ல எழுதியிருக்கு?" என்றான் ஒருவன். இன்னொருவன் காகிதத்தை நீட்டினான். "இவர்தானே உங்க அப்பா? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவரும் அவளைத்தான் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை போலிருந்தது.

"ஆமா" என்றாள். போட்டாள்.

வண்டி போனது. அப்பாடா என்று சொல்லிப் பார்த்தாள். வாய்தான் சொன்னது. படுக்கையைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று அப்பாவின் அறைக்குப் போனாள். போர்வையை உருவினாள். விரிப்பின் கால்மாட்டைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். கட்டில் கிறீச்சிட்டது. விரிப்பு வரவில்லை. மெத்தையின் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது. தலையணையில் பள்ளம். பள்ளத்தில் யாரும் இல்லை. பள்ளத்தின் இரண்டு பக்கமும், காதோரம் வருகிற இடத்தில், இரண்டு ஈரப் பொட்டு.

பார்க்கப் பார்க்கப் பெரிதானது.

கையை நீட்டினாள். தலையணைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், உள்ளங்கை எதிலோ பட்டு நின்றது.

சூடாக இருந்தது.

கைக்கு அடியில் மெல்லிய மயிர் வரிசை ஒன்று துடித்தது. ஒட்டிப்போன இமை. திறக்கப் பார்த்தது. முடியவில்லை. மறுபடியும் பார்த்தது.