சிரிப்பு மட்டும் பாக்கி

திரையில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை. சத்தம் இல்லாதது புதிதில்லை; முப்பது வருஷமாக அவன் வழக்கமே அதுதான். படப்பிடிப்பில் வாயை மட்டும் அகலத் திறப்பான், தோளைக் குலுக்குவான், கண்ணைத் துடைத்துக்கொள்வான். அசல் சிரிப்பைத் தொண்டைக்குள்ளேயே பூட்டிவைத்து, டப்பிங் தியேட்டரில்தான் அவிழ்ப்பான். 'தொண்டைதான் நம்ம கல்லாப்பெட்டி, கண்ட இடத்துல திறக்கக் கூடாது' என்று எல்லாரிடமும் சொல்வான். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஜனங்கள் அவனுக்குக் 'கலகல' என்று பெயரே வைத்தார்கள்.

டப்பிங் மைக் முன்னால் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவனை உறுத்தியது வேறு. திரையில் இருந்தவன் கையில் அந்தத் தங்க வாட்ச் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் அவன் விற்ற வாட்ச். உடம்பிலோ ஒரு பச்சைச் சட்டை. போன வெள்ளிக்கிழமை அவள் வாங்கிவந்தது. அவன் இன்னும் அதைக் கவரிலிருந்து பிரிக்கவே இல்லை.

"ஏங்க, இது எப்ப எடுத்தோம்?" என்று மைக்கில் கேட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் நிமிர்ந்தார். தலை நரைத்த மனிதர், இருபது வருஷப் பழக்கம். "சும்மா இருங்க சார், காலையிலயே காமெடி பண்ணாதீங்க. போன வாரம் மூணு நாள் பிச்சு உதறியிருக்கீங்க. எல்லாம் முடிஞ்சுது. உங்க சிரிப்பு மட்டும்தான் பாக்கி."

போன வாரம் முழுக்க அவன் வீட்டு மாடியில், ஜன்னலை அடைத்துக்கொண்டு, படுக்கையை விட்டு எழாமல் கிடந்தான்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் துணி அடித்திருந்தார்கள். ஏசி குளிரில் ஊறிய கம்பளத்தின் ஈர வாடையும், நேற்று யாரோ குடித்துவிட்டு வைத்துப்போன காபியின் கசப்பும், மைக்கின் நுரை மூடியில் ஒட்டிக்கிடந்த பல பேருடைய மூச்சும் சேர்ந்து மூக்கில் ஏறின. வெளியே காலை பதினொரு மணி வெயில் இருக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாது. அவன் காதுக்குள் ஓடும் ரத்தம் அவனுக்கே கேட்டது.

திரையில் சாப்பாட்டு மேஜை. பின்னால் பழுப்பு நிறத் திரைச்சீலை. இடமிருந்து மூன்றாவது கொக்கி அறுந்து, அந்த இடத்தில் மட்டும் துணி தொங்கியது. அந்தக் கொக்கியை அறுத்தது அவன் மகள். அது அவன் வீட்டுச் சாப்பாட்டு அறை.

அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தான்.

வராந்தாவில் மச்சான் இரண்டு போன்களோடு நின்றிருந்தான். பெண்டாட்டியின் தம்பி, அவனுக்கு மேனேஜர். கால்ஷீட், கையெழுத்து, வங்கி, மாத்திரை எல்லாம் அவன் கையில்.

"மச்சான், உண்மையைச் சொல்லு. யாரை வெச்சு எடுத்தீங்க?"

"என்ன மாமா, ஆரம்பிச்சிட்டீங்களா? நீங்கதான் நடிச்சீங்க. செட்டுக்குக் காசு எதுக்குன்னு நம்ம வீட்லயே எடுத்தோம். அக்காவை வேணா கேளுங்க."

"நான் மாடியில படுத்திருந்தேன்டா."

"மாத்திரை, மாமா. மாத்திரை." மச்சான் அவன் கண்ணைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தான். "இன்னிக்குச் சிரிச்சுக் கொடுத்தாத்தான் மீதிப் பணம் வரும். இல்லேன்னா திங்கக்கிழமை வீட்டுக்கு ஆள் வந்துரும். பாப்பா பாக்கப் பாக்க நம்ம சாமானை ரோட்டுல வெச்சா நல்லாவா இருக்கும்?"

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகச் சொந்தப் படம் எடுத்தது அவன்தான். வீட்டை அடகு வைத்ததும் அவன்தான். படம் நாலே நாளில் தியேட்டரை விட்டு ஓடியது. அன்றையிலிருந்து எட்டு மாதம், ஊரைச் சிரிக்கவைத்த மனுஷனுக்கு ஒரு சிரிப்பு வரவில்லை. ஒரு தடவை மகள் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டியபோது அவன் அழுதுவிட்டான். டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்: "கொஞ்சம் மறதி வரும். யாரையும் நம்பத் தோணாது. அது நோய் பேசுறது, நீங்க பேசல."

நோயா பேசுகிறது? நோய்க்கு வாட்ச் விஷயம் எப்படித் தெரியும்? அதை விற்ற கடையை மச்சான் மோப்பம் பிடித்திருக்கிறான். மீட்டு எடுத்து எவனோ ஒருத்தன் கையில் மாட்டி, அவன் முகத்தின்மேல் இவன் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் என்னதான் செய்ய முடியாது? நாளைக்கு இவனே தேவையில்லை என்று ஆகிவிடும். வேலியே பயிரை மேய்கிறது, வேறென்ன. அப்படி நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. திருட்டு என்றால் அது மனுஷன் செய்கிற காரியம்.

வராந்தாவின் கடைசிக்குப் போய், மச்சானுக்குக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போட்டான். மகள் எடுத்தாள். எட்டு வயசு, பள்ளி விடுமுறை.

"கண்ணு, போன வாரம் நம்ம வீட்ல ஷூட்டிங் எடுத்தாங்களா?"

"ஆமாம்பா. ஏன் கேக்கறீங்க? நீங்கதானே நடிச்சீங்க."

"நான் மாடியில இருந்தேன்ல?"

"இல்லையே. கீழதான் இருந்தீங்க." அவள் குரல் குழைந்தது. "அப்பா, எல்லாரும் போனதுக்கப்புறமும் தினம் சாப்பிடும்போது வாயை மட்டும் அசைக்கிறீங்களே, அந்த விளையாட்டு எப்பப்பா முடியும்? எனக்கு அது பிடிக்கல. மாமா சொன்னாரு, இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து சத்தத்தோட வரும்னு."

பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. மகள், பெண்டாட்டி, அப்புறம் யார்?

"அம்மாகிட்டக் குடு."

"அம்மா பரிமாறிட்டு இருக்காங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

திரும்பினால், மச்சான் பின்னாலேயே நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"போலாமா மாமா? வாடகை மணிக்கணக்குல ஏறுது."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் திங்கட்கிழமை கண்முன் நின்றது: ரோட்டோரம் கட்டில், அதன்மேல் மகளின் புத்தகப்பை, எதிர்வீட்டு மாடியிலிருந்து போனில் படம்பிடிக்கிறவர்கள். ஒரே ஒரு சிரிப்பு. கொடுத்துத் தொலைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய் யார் என்று பார்த்துவிடலாம். அவன் உள்ளே போனான்.

முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாவது தடவை வெறும் காற்று.

"பழைய படத்துச் சிரிப்பை எடுத்து ஒட்டக் கூடாதா?" என்று கெஞ்சினான்.

"பாத்தோம் சார். வாய் சேரவே மாட்டேங்குது. புதுசாத்தான் வேணும்." இன்ஜினியர் பொத்தானை அழுத்தினார். "அவர் வாயையே பாருங்க. தானா வரும்."

அவர் வாய் என்றாரா? உங்க வாய் என்று சொல்லவில்லையா? கேட்பதற்குள் படம் ஓடியது.

அவன் பார்த்தான். பெரிய வாய். ஈரமான உதடு. உள்ளே நாக்கு மெல்ல அசைந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. வாய் திறந்தது. இவனும் திறந்தான். வயிற்றுக்கு அடியில் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. எட்டு மாதமாக அவிழாத முடிச்சு. வந்தது. சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. யாரோ கிணற்றிலிருந்து கயிறு இழுப்பதுபோல் இழுத்தார்கள். நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை. திரையில் தோள் குலுங்கியது. இவன் தோளும். கண்ணீர் வழிந்தது. வலித்தது. இன்னும். இன்னும் கொஞ்சம். கடைசிச் சொட்டு.

படம் நின்றது. உறைந்த படத்தில் வாய் திறந்தே இருந்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

"பிரமாதம்! பொருந்திருச்சு சார்" என்றார் இன்ஜினியர். அவர் பார்த்தது திரையை.

அவன் வாயைத் திறந்தான். 'நிறுத்துங்க' என்றான். ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று தண்ணீர் குடித்தான். இருமினான். இருமலுக்கும் சத்தம் இல்லை.

வராந்தாவில் மச்சான் போனில் பேசிக்கொண்டே காரை நோக்கி நடந்தான். "முடிஞ்சுதுக்கா. இனிமே கவலையே இல்ல. மாமா அங்க ரெடியா? வந்துட்டேன், இலையைப் போடு, எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்." இவன் ஓடிப்போய்க் கார்க் கதவைத் தட்டினான். மச்சான் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு வண்டியை எடுத்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாடகைக் கார்க்காரனிடம் விலாசத்தைப் போனில் காட்டினான். "ஊமைங்களா? பாவம்" என்றான் அவன். முப்பது வருஷமாக எந்த ரோட்டில் இறங்கினாலும் கூட்டம் கூடுகிற அந்த முகத்தை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை.

வீட்டு வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சாவி நுழையவில்லை. தோட்டத்துப் பக்கமாகச் சுற்றிப் போனான். பட்டப்பகல். செடிக்கு ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. சாப்பாட்டு அறையின் கண்ணாடி ஜன்னல். மூன்றாவது கொக்கி அறுந்த திரைச்சீலை பாதி விலகியிருந்தது.

உள்ளே பெண்டாட்டி. மச்சான். மகள். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பச்சைச் சட்டை.

சிரிப்பு கேட்டது.

அவன் சிரிப்பு. முப்பது வருஷச் சிரிப்பு. மேஜையே அதிர்ந்தது. பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாள். மகள் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கண்ணு, இங்க பாருடி. நான்தான்டி அப்பா.' கண்ணாடியை அறைந்தான். உதடு மட்டும் அசைந்தது.

மகள் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, மூக்கை ஒட்டிக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அம்மா, அந்த வாயசைக்கிறவரு இப்ப வெளியில நிக்கிறாரு."

"பாக்காத, சாப்பிட வா" என்றாள் அவள், திரும்பாமலே. "திரையை இழுத்து விட்டுட்டு வா."

பச்சைச் சட்டை மறுபடி சிரிக்க ஆரம்பித்தது. வெளியே அவன் தாடை தானாக இறங்கியது. தோள் குலுங்கியது. கை தானாக எழுந்து கண்ணைத் துடைத்தது. உள்ளே சிரிப்பு ஏற ஏற, வெளியே வாய் அகன்றது. ஒரு நொடி முந்தவில்லை, ஒரு நொடி பிந்தவில்லை. அத்தனை பொருத்தம்.

மகள் அவனைப் பார்த்தபடியே திரையை இழுத்தாள். அறுந்த கொக்கியிடம் தொங்கிய துணியின் இடைவெளியில் அவள் ஒரு கண் மட்டும் தெரிந்தது. உள்ளே சிரிப்பு நிற்கவில்லை. அவன் வாய் மூடவில்லை.